ஆறுதல் நாயும் அதன் அத்தாட்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



விழாவில் பேச வேண்டுமென்று செயலாளர் என்னைக் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று அவர் குறிப்பிடவில்லை. "நாயைப் பற்றிப் பேசப்போகிறேன்" என்று நான் சொன்னவுடன் அவர் சற்றே திகைத்தார். இந்த மேடையில் நாயன்மார்களைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு; நாயைப் பற்றிப் பேச வந்தவன் நான் ஒருவன்தான் போலும். சிரியுங்கள், தடையில்லை. ஆனால் பேச்சு முடியும்போது உங்களில் சிலராவது சிரிப்பை விட்டுச் சிந்திப்பீர்கள் என்று நம்புகின்றேன்.

பொலிஸார், தீயணைப்புப் படையினர், அம்புலன்ஸ் ஊழியர், இடர் காலத்தில் மண்ணைத் தோண்டி மக்களை மீட்போர் ஆகியோருடன் சென்று, துயரத்தில் இருப்பவர்களுக்கு அருகில் அமைதியாக இருந்து ஆறுதல் தருவதற்கென்று பழக்கப்பட்ட நாய்கள் மேல்நாடுகளில் உள்ளன. அவற்றை ஆறுதல் நாய்கள் என்று அழைக்கின்றார்கள். எந்த நாய் அப்பணிக்குத் தகும், அதை எப்படிப் பழக்குவது, யார் சோதித்து அத்தாட்சி கொடுப்பது என்பனவே இன்று நான் பேசவந்த விடயம். "இரத்தினபுரித் தோட்டத்திலே இருக்கும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றேன்.

அன்பர்களே, நம் மாகாணத்தின் மலை நமக்குச் சோறு போடுகின்றது. அதே மலைதான் நம் தலையிலும் விழுகின்றது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்கள் மண்ணுக்குள் போயின. மாண்டவர்களும் காணாமற் போனவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பகுதியின் களுபஹன தோட்டத்து லயங்களின் மேலும் மண் சரிந்து நம் மக்களின் உயிர்களைக் கொண்டுபோனது. மறு ஆண்டு 2017 மே மாதக் கடைசியில் இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களை வெள்ளமும் மண்சரிவும் சூறையாடின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இவற்றையெல்லாம் பத்திரிகையில் படித்து அறிந்தவர்கள் அல்ல நீங்கள். மழை மூன்று நாள் விடாமல் பெய்தால், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை விழித்திருக்கும் தாய்மார்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றார்கள்.

மண் சரிந்த பின் என்ன நடக்கின்றது? இராணுவத்தினர் வருகின்றார்கள், பொலிஸார் வருகின்றார்கள். மண்ணை அகற்றுகின்றார்கள். உடல்களை எடுக்கின்றார்கள். பாடசாலையில் முகாம் திறக்கப்படுகின்றது. அரிசியும் பாயும் வருகின்றன. இவை யாவும் வேண்டியவைதான். ஆனால் முகாமின் மூலையில், அழவும் முடியாமல் பேசவும் முடியாமல் உட்கார்ந்திருக்கின்ற ஒரு பிள்ளைக்கு யார் வருகின்றார்கள்? வருகின்ற உத்தியோகத்தர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது, நம் பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது. இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1981ஆம், 1983ஆம் ஆண்டுகளில் இம்மாகாணத்தில் லயங்கள் எரிந்ததைக் கண்ட பெரியோர்கள் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். அந்த நினைவுள்ள வீட்டில் காக்கிச் சட்டையைக் கண்டவுடன் முதலில் வருவது ஆறுதல் அன்று, அச்சம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் உடலைத் தன் கையால் எடுத்த அந்தப் பொலிஸ்காரர் இரவில் வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்லுவார்? 119க்கும் 1990க்கும் வருகின்ற அழைப்புகளில் மறுமுனையின் கதறலைக் கேட்டுக்கொண்டு, அமைதியாக முகவரி கேட்டு எழுதுகின்ற ஊழியருக்கு ஆறுதல் யார்? இந்த இரு சாராருக்கும் இடையில், எந்த மொழியும் பேசாத, எந்த உடுப்பும் அணியாத ஒரு பிராணி வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் மேல்நாட்டார் சோதித்துப் பார்த்திருக்கின்றார்கள்.

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லுகின்றேன். இது பெருமைக்குரிய கதையன்று. என் அறியாமையின் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்தில் ஓரிடத்தில் மண் சரிந்து, மக்களைப் பாடசாலையொன்றில் தங்க வைத்திருந்தார்கள். நான் உதவிக்குப் போனேன். என் வீட்டு நாய் மணியையும் கூட்டிக்கொண்டு போனேன். மணி பரம சாது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடுவார்கள், ஒருநாளும் உறுமினதில்லை. முகாமில் பேசாதிருந்த பிள்ளைகள் மணியைக் கண்டவுடன் ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்மார்கள் என்னை வாழ்த்தினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நேரம் போவதை மறந்தேன்.

மணி இரண்டு முறை கொட்டாவி விட்டது. நாக்கால் மூக்கை நக்கியது. முகத்தை அப்பால் திருப்பியது. "பாவம், களைத்துவிட்டது" என்று மாத்திரம் எண்ணினேன். அந்நேரம் கூரைத் தகரம் ஒன்று காற்றில் பெயர்ந்து பெருஞ் சத்தத்தோடு விழுந்தது. அதே கணத்தில் ஒரு சிறுமி பின்னாலிருந்து நாயைக் கட்டிப் பிடித்தாள். மணி திரும்பி அவள் கையைக் கவ்வியது. பெரிய காயமன்று. ஆனால் வீட்டையும் தம்பியையும் பறிகொடுத்து, நாலு நாளுக்குப் பின் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்த பிள்ளை அவள். காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி மேல் ஊசியாகப் போட வேண்டியதாயிற்று. அதன் பின் முகாம் மூடும் வரை அந்தப் பிள்ளை யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குற்றம் நாயினுடையதா? இல்லை, என்னுடையது. "நல்ல மனம் இருக்கின்றது, நல்ல நாய் இருக்கின்றது, இது போதும்" என்று நினைத்தேன். துன்பப்பட்டவரிடம் போவதற்கு நல்ல மனம் மட்டும் போதாது என்பதை அன்று கற்றேன். அந்தப் பிள்ளையின் நினைவினாலேயே இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். பொது நன்மைக்காக உழைக்கும் நாய்கள் எல்லாம் ஒரு வகையல்ல. கண்டியில் அஸ்கிரியவிலுள்ள பொலிஸ் நாய்ப் பிரிவை நீங்கள் அறிவீர்கள். அங்கே பழக்கப்படும் நாய்கள் குற்றவாளியின் தடத்தையும், போதைப்பொருளையும், வெடிபொருளையும் மோப்பத்தால் கண்டுபிடிப்பவை. இடிபாட்டில் அகப்பட்டவரைத் தேடும் நாய்கள் இன்னொரு வகை. 2023 பெப்ரவரியில் துருக்கியில் பூமி அதிர்ந்தபோது, இந்தியப் பேரிடர் மீட்புப் படையின் ரோமியோ, ஜூலி என்ற இரு நாய்கள் இடிபாட்டுக்குள் உயிரோடிருந்த ஆறு வயதுச் சிறுமியின் இடத்தைக் காட்டிக் கொடுத்தன. மூன்றாவது வகை, கண் தெரியாதவருக்கு வழி காட்டுவது போல ஒரே மனிதருக்கென்று உழைக்கும் துணை நாய். நான் பேசும் ஆறுதல் நாய் இவை எதிலும் சேராது. அது தேடுவதில்லை, துரத்துவதில்லை, காவல் காப்பதில்லை. முன்பின் அறியாத மனிதரின் அருகில் அமைதியாக இருப்பதே அதன் முழுத் தொழில். "சும்மா இருப்பதும் ஒரு தொழிலா?" என்று கேட்காதீர்கள். சும்மா இருப்பதே சுகம் என்று சொன்ன சமயம் நம்முடையது. சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதும் நமக்குத் தெரியும்.

இந்தப் பணி எப்படித் தோன்றியது? இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1944இல், நியூகினித் தீவின் பதுங்கு குழி ஒன்றிலிருந்து ஒரு சின்னஞ்சிறு நாய் எடுக்கப்பட்டது. எடை நாலு இறாத்தல் தான். பில் வின் என்ற அமெரிக்கப் போர்வீரர் அதை வாங்கி, ஸ்மோக்கி என்று பெயரிட்டு வளர்த்தார். அவர் நோயுற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாய் அவரைப் பார்க்க வந்தது. வந்த நாயைத் தாதிமார் காயப்பட்ட மற்ற வீரர்களின் கட்டில்களுக்கும் கொண்டுபோனார்கள். வேதனையில் முகம் திருப்பிக் கிடந்தவர்கள் அந்த நாயைக் கண்டு முகம் மலர்ந்தார்கள். அதன் பின் நியூயோர்க்கில் சிறுவர்களின் மனநோய்க்கு வைத்தியம் செய்த போரிஸ் லெவின்சன் என்பவர், யாரோடும் பேசாத ஒரு பிள்ளை தம் நாயோடு மட்டும் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். 1960களின் தொடக்கத்தில் அதை அறிஞர் சபையில் எடுத்துரைத்தபோது சிலர் நகைத்தார்கள். சற்று முன் நீங்கள் சிரித்தீர்களே, அதைப் போல! ஆனால் அவர் சொன்னது நிலைத்தது. 1976இல் எலைன் சிமித் என்ற தாதி, ஆஸ்பத்திரிகளுக்குச் செல்லும் நாய்களைச் சோதித்துப் பதிவு செய்யும் சங்கம் ஒன்றை அமெரிக்காவில் நிறுவினார்.

நம் ஆசியாவுக்கும் அது வந்தது. 1991இல் ஹொங்கொங்கில் ஜில் றொபின்சன் என்ற பெண்மணி "டொக்டர் நாய்" என்னும் திட்டத்தைத் தொடங்கினார். சென்னையில் புளூ குறொஸ் சங்கத்தார் அதே திட்டத்தை ஏற்று, சோதித்துத் தெரிந்த நாய்களைச் சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளைகளிடம் அழைத்துச் சென்றார்கள். 2001 செப்டம்பரில் நியூயோர்க் நகரத்தில் கோபுரங்கள் வீழ்ந்தபின், உறவினரைத் தேடி வந்தவர்களுக்கென்று அமைத்த உதவி நிலையத்தில் அத்தாட்சி பெற்ற நாய்கள் நாள்தோறும் பணி செய்தன. அமெரிக்க மத்திய புலனாய்வுப் பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கு உதவும் தன் பகுதியிலேயே இப்படிப்பட்ட நாய்களை வைத்திருக்கின்றது. இங்கிலாந்தில் பொலிஸாரின் நலனைக் கவனிக்கும் அமைப்பின் கீழ், பொலிஸ் நிலையங்களுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் சென்று ஊழியர்களைச் சந்திக்கும் ஆறுதல் நாய்கள் பல உள்ளன. மனம் விட்டுப் பேச வெட்கப்படும் ஆண்பிள்ளை, நாயின் தலையைத் தடவிக்கொண்டே பேசத் தொடங்குகின்றான். பக்கத்திலிருந்து கேட்பதற்கு ஒரு மனிதர் இருக்கின்றார். இதுவே அதன் இரகசியம். நாய் கதவைத் திறக்கின்றது. உள்ளே போக வேண்டியவர் மனிதரே.

இதற்கு ஆதாரம் உண்டா என்று இளைஞர்கள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 249 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். நாயையோ பூனையையோ பத்து நிமிடம் தடவி விளையாடிய மாணவர்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற பொருள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்ததாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இது அந்நேரத்து அமைதி. நாய் வைத்தியரல்ல. மாண்ட தம்பியை அது திருப்பித் தராது. அத்தகைய துயரத்துக்குப் பயிற்சி பெற்ற மனிதரின் உதவி தொடர்ந்து வேண்டும்.

இனி அத்தாட்சிக்கு வருவோம். ஆறுதல் நாய்க்கு முதல் தகுதி சாதியோ நிறமோ அல்ல, சுபாவம். அந்நியரைக் கண்டு அஞ்சாமலும் அவர் மேல் பாயாமலும் இருக்கும் நாயே தேவை. விலையுயர்ந்த வெளிநாட்டு நாயாயினும் சுபாவம் இல்லையேல் தகாது; லயத்து வாசலில் பிறந்த நாயாயினும் சுபாவம் இருந்தால் தகும். இரண்டாவது, வயது. பெரும்பாலான சங்கங்கள் ஒரு வயதாவது நிரம்பாத நாயைச் சோதனைக்கே எடுப்பதில்லை. மூன்றாவது, உடல் நலம். விசர்நாய்த் தடுப்பூசியும் மற்றத் தடுப்பூசிகளும் போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, மிருக வைத்தியர் எழுத்தில் உறுதி கூறவேண்டும்.

அதன் பின் பழக்கம். இரு, படு, அங்கேயே நில், வா, விட்டுவிடு என்ற ஐந்து கட்டளைகளுக்கும் நாய் பணிய வேண்டும். அடித்துப் பழக்கிய நாய் இதற்கு உதவாது. அச்சத்தால் அடங்கியிருப்பது ஒருநாள் அச்சத்தாலேயே கடிக்கும். நல்லதைச் செய்தவுடன் ஒரு துண்டு தீனியும் அன்பான சொல்லும் கொடுத்துப் பழக்குவதே முறை. பின்னர் படிப்படியாகச் சனக்கூட்டம், சைரன் சத்தம், சக்கர நாற்காலி, ஊன்றுகோல், அழுகைக் குரல், ஈரச் சப்பாத்து, தலைக்கவசம் இவற்றுக்கெல்லாம் பழக்க வேண்டும். பொலிஸ் நிலையத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போக வேண்டிய நாய்க்கு வயர்லஸ் கருவியின் இரைச்சலும் வாகனம் புறப்படும் அவசரமும் பழகியிருக்க வேண்டும்.

பிறகே பரீட்சை. அமெரிக்காவின் கென்னல் கிளப் 1989இல் தொடங்கிய "நற்பிரஜை" பரீட்சை இதற்கு நல்ல அடிப்படை. அதில் பத்துப் பாடங்கள் உண்டு. அந்நியர் வந்து எசமானோடு பேசும்போது நாய் பொறுமையாக இருக்க வேண்டும். தடவும்போது அமைதியாக உட்கார வேண்டும். காதையும் காலையும் பிடித்துப் பார்க்க விடவேண்டும். கயிறு இறுகாமல் கூட நடக்க வேண்டும். கூட்டத்துக்குள் கலங்காமல் செல்ல வேண்டும். சொன்னபடி இருந்து, படுத்து, அவ்விடத்தில் நிற்க வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். வேறொரு நாயைக் கண்டு துள்ளக்கூடாது. திடீர்ச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கலாம், வெருண்டு ஓடவோ பாயவோ கூடாது. எசமான் மூன்று நிமிடம் கண்மறைந்து போனாலும் பிறரிடம் அமைதியாக இருக்க வேண்டும். என் மணி அன்று இந்தப் பரீட்சை எழுதியிருந்தால் ஒன்பதாம் பாடத்தில் தோற்றிருக்கும். அப்பிள்ளையின் கை தப்பியிருக்கும்.

ஆறுதல் பணிக்கு இதற்கு மேலும் சோதனை வைக்கின்றார்கள். பலர் ஒரே நேரத்தில் சுற்றி நின்று தொடுவார்கள். ஒருவர் தடுமாறி நடப்பார். ஒருவர் கோபக் குரலில் பேசுவார். இவற்றைத் தாங்கினால் போதாது. மனிதர் அருகில் இருப்பதில் நாய்க்கே விருப்பம் இருக்கின்றதா என்றும் பார்க்கின்றார்கள். வெறுமனே சகித்துக்கொண்டிருக்கும் நாய் ஒருநாள் சகிப்பை இழக்கும். பெட் பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்கச் சங்கத்தில் அத்தாட்சி இரண்டு ஆண்டுக்கே செல்லும். பின் மறுபடி பரீட்சை. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாயைப் பணியில் வைக்கக்கூடாது என்பதும் அவர்களுடைய விதி. இன்னும் கவனியுங்கள். அவர்கள் அத்தாட்சி கொடுப்பது நாய்க்கு மட்டும் அல்ல. நாயும் அதை நடத்துபவரும் சேர்ந்த சோடிக்கு. வேறொருவர் கயிற்றைப் பிடித்தால் அந்த அத்தாட்சி செல்லாது.

ஏன் அப்படி? மகாபாரதத்தின் கடைசியில் தருமபுத்திரர் மலையேறிச் செல்கின்றார். தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்துவிடுகின்றார்கள். ஒரு நாய் மாத்திரம் கூட வருகின்றது. இந்திரன் விமானத்தோடு வந்து, "நாயை விட்டுவிட்டு ஏறு" என்கின்றான். "என்னை நம்பி வந்ததைக் கைவிட்டுக் கிடைக்கும் சுவர்க்கம் எனக்கு வேண்டாம்" என்கின்றார் தருமர். அந்த நாய் தருமதேவதையே என்று பின்னர் தெரிகின்றது. இக்கதையை நாம் நூறு முறை கேட்டிருக்கின்றோம். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? அங்கே பரீட்சை நடந்தது நாய்க்கு அன்று; கூட நடந்த மனிதருக்கு. ஆறுதல் நாயின் அத்தாட்சியும் அப்படியே. நாய் கொட்டாவி விடும்போது, நாக்கால் மூக்கை நக்கும்போது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும்போது, வாலை ஒடுக்கும்போது, "எனக்குப் போதும்" என்று அது சொல்லுகின்றது. அதைப் படித்தறிந்து, ஊரார் வாழ்த்திக்கொண்டிருக்கும் நேரத்திலும், "இன்றைக்கு இவ்வளவே" என்று எழுந்து வர வல்லவரா கயிற்றைப் பிடித்திருப்பவர்? அதுவே பரீட்சை. அதில் தோற்றவன் நான்.

நடத்துபவர் அறிய வேண்டியவை இன்னும் உண்டு. நாயைத் தொட விரும்புகின்றீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். நாயை யார் மடியிலும் தள்ளக்கூடாது. நாய்க்கு அஞ்சுவோரும், சமய வழக்கத்தால் விலகுவோரும், ஒவ்வாமை உள்ளோரும் இருப்பார்கள். அவர்களுடைய இடத்துக்கு நாய் போகக்கூடாது. கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. "அழாதே" என்று அடக்கக்கூடாது. படம் பிடித்துப் பரப்பக்கூடாது.

நம்மவர் கதை ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு, கேரளத்தின் மூணாறுக்கு அருகே ராஜமலையில் பெட்டிமுடி என்ற தேயிலைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை சரிந்தது. எழுபது பேர் போயினர். அவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்கப் போன தமிழ்க் குடும்பங்கள். நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள், அவர்கள் மலையேறினார்கள், வித்தியாசம் அவ்வளவே. அங்கே கூவி என்றொரு லயத்து நாய் இருந்தது. தன் வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி அது நாள்தோறும் அலைந்தது. எட்டாம் நாள், ஆற்றங்கரையில் ஓரிடத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக் குரைத்தது. அங்கேதான் அக்குழந்தையின் உடல் கிடைத்தது. உண்ணாமல் கிடந்த அந்நாயைப் பொலிஸ் நாய்ப் படையைச் சேர்ந்த ஒருவர் எடுத்து ஆதரித்தார். படை முகாமிலேயே அது வளர்ந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அக்குடும்பத்தில் உயிர் தப்பிய பாட்டி ஒருவர் இருந்தார். அவர் தம் நாயைக் கேட்டார். 2021இல் கூவியை அவரிடமே ஒப்படைத்தார்கள்.

யோசியுங்கள். கூவிக்கு எந்த அத்தாட்சியும் இல்லை. அன்பே அதைத் தேட வைத்தது. அந்தப் பாட்டிக்கு உலகத்திலுள்ள எந்தப் பயிற்சி பெற்ற நாயும் கூவிக்கு ஈடாகாது. அப்படியாயின் அத்தாட்சி எதற்கு? கூவி தன் வீட்டாரிடம் போனது. ஆறுதல் நாயோ அறியாதவரின் வீட்டுக்குப் போகின்றது. உறவு இருக்கும் இடத்தில் அன்பு போதும். அறியாதவரின் துயரத்துக்குள் காலடி வைக்க, அன்போடு ஒழுங்கும் வேண்டும். அத்தாட்சி என்பது துயரப்பட்டவருக்கு நாம் முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு: "உனக்கு இன்னொரு காயம் எங்களால் வராது" என்ற வாக்கு.

பெரியோர்கள் சிலர் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும். "மனிதருக்கே வீடில்லை, பாதுகாப்பான நிலமில்லை; இதில் நாய்க்குப் பரீட்சையா?" நியாயமான கேள்வி. மண்சரிவு அபாயமுள்ள லயங்களிலிருந்து நம் மக்களைப் பத்திரமான காணிக்கு மாற்றுவதே முதற் கடமை. முகாமுக்குத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரை அனுப்பக் கோருவது நம் உரிமை. நாயைக் காட்டி அவற்றைத் தட்டிக்கழிக்க எவரேனும் முயன்றால் நானே முதலில் எதிர்ப்பேன். ஆனால் வீடு கட்டி முடியும் வரை அழுகின்ற பிள்ளை காத்திருக்க வேண்டும் என்பதில்லையே.

ஆகவே இளைஞர்களே, நாளைக்கே ஆறுதல் நாய்ப் படை அமைப்போம் என்று நான் சொல்லவில்லை. நம் தோட்டங்களில் அத்தகைய சோதனை முறை எதையும் நான் கண்டதில்லை. அது வரும் நாளுக்கு நம்மைத் தயார் செய்ய மூன்று காரியங்கள் போதும்.

ஒன்று: நம் லயங்களிலுள்ள ஒவ்வொரு நாய்க்கும் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுவிப்போம். விசர்நாய்க்கடிக்குச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் வந்துவிட்டது. சட்டம் வந்து நூற்றாண்டு கடந்தும் அந்நோயால் இங்கே உயிர்கள் போகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தோடு பேசி, பிரட்டுக்களத்திலேயே ஊசி போடும் நாள் ஒன்றைச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். கடி பட்டால் சவர்க்காரத்தால் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் வீடு வீடாகச் சொல்லுவோம்.

இரண்டு: நாயின் மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். நாயைக் கண்டால் கல்லைத் தேடுவது நம் பழக்கம். தின்னும் நாயையும் தூங்கும் நாயையும் தொடாதே, பின்னாலிருந்து கட்டிப் பிடிக்காதே, எசமானைக் கேட்டுத் தொடு என்று சொல்லிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மூன்று, இதுவே முக்கியமானது: நம்மில் நாலைந்து பேராவது மன முதலுதவி கற்றுக்கொள்வோம். பார், கேள், உதவியோடு இணை என்ற மூன்று படிகளை உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லுகின்றது. அதைத் தமிழில் பேசி நடத்தக்கூடியவர்கள் நாமே. மனம் தாங்காதவர் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவியைப் பெறலாம் என்பதையும் பரப்புவோம். நாளை ஓர் ஆறுதல் நாய் இரத்தினபுரிக்கு வந்தால், அது திறக்கும் கதவுக்குள் தமிழில் பேசிக்கொண்டு போக ஒருவர் வேண்டுமல்லவா? அவர் இந்தச் சங்கத்திலிருந்து வரட்டும்.

மணி இப்போது இல்லை. முதுமையில் என் வாசற்படியிலேயே கண்ணை மூடியது. அந்தச் சிறுமி இன்று வளர்ந்து பெரிய பிள்ளையாகியிருப்பாள். எங்கேயாவது அவளைச் சந்தித்தால் என்ன சொல்லுவேன் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. "மகளே, அன்று நான் ஆயத்தமில்லாமல் வந்தேன், உன் பெயரால் இவர்கள் ஆயத்தமாகிக்கொண்டிருக்கின்றார்கள்" என்று சொல்லக் கூடுமானால் என் மனம் சற்று ஆறும். அப்படிச் சொல்லும் வாய்ப்பை எனக்குத் தருவது உங்கள் கையில் இருக்கின்றது.